இருபது கிலோ குறைந்ததற்கு விளக்கம்

ஐயா,
இரவு பத்தேகாலுக்கு
பதினாறாயிரத்து இருநூற்று நாற்பது.
காலை ஆறு மணிக்கு, பில் போடும்போது,
பதினாறாயிரத்து இருநூற்று இருபது.
அதே லாரி. அதே தார்ப்பாய். அதே முடிச்சு.
இருபது கிலோ எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் மெஷினைப் பற்றி.
இதற்கு இருபது இருபதாகத்தான் எண்ணத் தெரியும்.
விளிம்பில் நிற்கும் எடையிலிருந்து
ஒரு கல் உப்பு உதிர்ந்தாலும்
ஒரு படி கீழே குதித்துவிடும்.
எனக்கும் அப்படி ஒரு நாள் உண்டு,
அது இங்கே வேண்டாம்.

இரண்டாவது, ஈர உப்பு. இரவெல்லாம் சொட்டியது.
மேடை இரும்பில் வெள்ளைக் கோடு இன்னும் காயவில்லை,
வந்து பாருங்கள்.

அன்று பிறை இருபத்திரண்டு.
விடியும்போது நிலா நேர் உச்சி.
அது தூக்கியிருக்கும்.
கணக்குப் போட்டேன்: இந்த லாரிக்கு
ரெண்டு கிராமுக்கும் குறைவு.
ஒரு வேளை ரசத்துக்குக் காணாது.

தெற்கே, இலங்கையைத் தாண்டி,
பூமியின் பிடி தளர்ந்த இடம் ஒன்று உண்டு.
கடலே அங்கு நூறு மீட்டர் பள்ளம்.
எந்தக் கப்பலும் அதில் உருண்டு விழுந்ததில்லை,
பள்ளத்தில் இருப்பவர்களுக்கு அதுதான் மட்டம்.
அந்தத் தளர்ச்சி கச்சான் காற்றோடு
இரவோடு இரவாக வாலிநோக்கம் வந்ததா,
என்னால் சொல்ல இயலாது.
முத்திரையிட்ட படிக்கல்லும் மேடையும் நானும் நீங்களும்
ஒரே அளவில் சுருங்கிக்கொண்டிருந்தால்
எதை வைத்து எதைச் சரிபார்க்க?

பதினோரு வருஷம் பாத்திகளைப் பார்த்ததில்
எனக்கென்று ஒரு ஐயம் உண்டு.
நிறை என்பது
வெளி வற்றிய இடத்தில் படிந்த உப்பு.
கல், லாரி, நட்சத்திரம், எல்லாம் பாத்தி.
வற்றும் இடத்துக்கு
மடை வழியே வரத்து வந்துகொண்டே இருக்கும்.
மேலே மிதக்கும் நாரை இறகும் கூடப் போகும்.
யாரும் இழுக்கவில்லை.
நீர் போகிறது, இறகு போகிறது,
நாம் அதை விழுவது என்கிறோம்.

பாத்தியே இல்லாத நெடுந்தொலைவில்?
அங்கே வற்றுவதற்கு ஒன்றுமில்லை,
ஊற்று மட்டும் நிற்பதில்லை.
நட்சத்திரக் கூட்டங்கள் ஓடவில்லை, ஐயா.
நடுவில் கிடக்கும் கடல் பெருகுகிறது.
அவை நின்ற இடத்தில் நின்றபடியே
தொலைந்துகொண்டிருக்கின்றன.

நிரூபணம் கேட்டால் இல்லை.
கரண்ட் போன இரவுகளில் யோசித்தது.
பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும்.
சம்பளத்தில் பிடிப்பதானால்
அன்றைய விலைக்குப் பிடிக்கவும்.

இப்படிக்கு,
செ. ஜைனம்பு நாச்சியா
எடை எழுத்தர்

*

உறையில் போட்டது அவ்வளவுதான்.
கிழித்த தாளில் இருந்தது இது:

இரவு எடை போட்டபோது
முத்திருளாண்டியின் இருக்கைக்குப் பின்னால்
பழைய கைலிக்கு அடியில்
இன்னொரு மூச்சு இருந்தது.
பிள்ளைகளை வண்டியில் ஏற்றக் கூடாது என்று
நீங்கள் ஒட்டிய நோட்டீசுக்கு நேர் கீழே.
வீட்டில் விட ஆளில்லை என்றார்.
நான் கேட்கவேயில்லை.

காலையில் நம்புஸ்ரீ, இரண்டாம் வகுப்பு,
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
பூநாரைகளை நோக்கி வரப்பில் ஓடினாள்.
ஓட ஓட அவை
அதே தூரத்துக்குத் தள்ளித் தள்ளி இறங்கின.
அந்த நேரத்தில்தான் பொத்தானை அழுத்தினேன்.
கையெழுத்து வாங்கினேன்.

அவள் திரும்பி வந்து
ஒரு கல்லை நக்கி முகம் சுளித்து
படியேறிக் கதவைச் சாத்தினாள்.

பில் அடித்த பிறகு
சிவப்பு எண் நாற்பதுக்குத் தாவியது.
நான் அப்போது
வடக்கே உடைமரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.